விருந்தும் வம்பும்

குடமுழுக்கு விழா என்பது ஓர் ஊர் தன் வாயில்கள் அனைத்தையும் ஒருங்கே திறந்து வைக்கும் திருநாளாகும். யாகசாலையில் வேள்வித்தீ எழுந்த நாள் முதல், கலச நீர் விமானத்தின்மீது சொரியும் நன்முகூர்த்தம் வரை, அவ்வூரை நோக்கி வருவோர் தொகை பெருகிக்கொண்டே இருக்கும். உற்றார் வருவர், உறவினர் வருவர், பிழைப்பின்பொருட்டு வெளியூர் சென்ற ஊர்மக்கள் திரும்பி வருவர். இவர்களோடு, ஊரார் எவரும் முன்பின் கண்டிராத ஒருவரும் வருவர். அவர் பெயர் நமக்குத் தெரியாது, ஊர் தெரியாது, யார் அழைத்து வந்தார் என்பதும் தெரியாது. ஆயினும் பந்தியில் அவருக்கும் ஓரிலை இடப்படும். அவரைக் குறிப்பதற்கென்றே தமிழில் தொன்மையான சொல் ஒன்று உண்டு. அதுவே 'விருந்து' என்பது.

இன்று நாம் விருந்து என்றால் இலை நிறைந்த உணவைக் கருதுகின்றோம். பண்டு அவ்விலையின்முன் அமர்ந்த மனிதரே விருந்து எனப்பட்டார். அதற்கும் முன்னே, உணவும் ஆளும் அல்லாத வேறொரு பொருளை அச்சொல் குறித்து நின்றது. அவ்வரலாற்றை ஆராய்தல் சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. திருவிழா நாளில் நாம் யாரை எங்ஙனம் வரவேற்கின்றோம் என்னும் அறவினாவும் அதனுள் அடங்கியிருத்தலை மெய்யன்பர்கள் காண்பார்களாக.

தோணி வந்தடையும் துறை

சான்றோர் நிறைந்த நாடு எனப் பாராட்டப்பெறும் தொண்டை நாட்டின் வடகீழ்ப் பகுதியில், பழவேற்காட்டு ஏரியின் கரையில் அமைந்தது தோணிரேவு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமை உடையது இவ்வேரி. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புக, இரண்டும் கலந்து நிற்கும் இப்பரப்பே கரையோரக் குப்பங்களுக்கு வாழ்வளிக்கும் வயலாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தும், தென்பகுதி தமிழகத்தும் கிடத்தலின், இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே படகில் ஏறி ஒரே துறையில் இறங்கும்.

அவ்வுண்மைக்கு ஊர்ப்பெயரே சான்று. தோணி என்பது தமிழ்ச்சொல். ரேவு என்பது தெலுங்கில் துறை எனப் பொருள்படும். தோணி வந்து அடையும் துறை தோணிரேவு. ஆகவே, பெயரின் முற்பாதி வீட்டுக்குரியவராயின், பிற்பாதி வந்து தங்கிய விருந்தினர் எனலாம். விருந்தினர் நெடுநாள் தங்கி வீட்டாராகவே ஆகிவிட்டமையின், இன்று அவ்விரண்டையும் பிரித்துக் காண்பார் இல்லை. துறை என்பது யாவரும் வந்திறங்கும் இடம். இன்னார்தாம் வரவேண்டும் என்று துறை ஒருபோதும் கேட்பதில்லை. இப்பெயர் பூண்ட ஊர் விருந்தைப் பற்றிச் சிந்தித்தல் மிகவும் பொருத்தமே அன்றோ?

சொல்லின் முதற்பொருள்

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியனார் செய்யுளியலில் நூலுக்குரிய வனப்பு எட்டு என வகுத்து, அவற்றுள் ஒன்றற்குத் தொன்மை என்றும், மற்றொன்றற்கு விருந்து என்றும் பெயரிட்டார். பழைய கதையைப் பற்றி வருவது தொன்மை. முன்னில்லாத வகையில் புதிதாகப் புனையப்படுவது விருந்து. இலக்கண நூலில் உண்பாரும் இல்லை, ஊட்டுவாரும் இல்லை. ஆயினும் அங்கே விருந்து உண்டு. புதியது எதுவோ அது விருந்து.

இப்பண்புப்பெயர் நாளடைவில் அப்பண்பை உடையாரைக் குறித்தது. புதுமை என்னும் சொல் புதியவருக்கு ஆகி வந்தது. பின்னர், புதியவருக்கு அளிக்கும் உணவுக்கும் அப்பெயர் ஏறிற்று. முதலில் பண்பு, அடுத்து ஆள், அதன்பின் உணவு என மூன்று படிகளில் இச்சொல் நடந்து வந்துள்ளது. அண்டை மொழிகளிலும் இதன் உறவைக் காணலாம். தெலுங்கில் 'விந்து' என்பது விருந்துணவு. மலையாளத்தில் 'விருந்நு' என்பது அதுவே. அத்தெலுங்கில் வீட்டுக்கு வரும் விருந்தினரைச் 'சுட்டம்' என்பர். அது நம் சுற்றம் என்னும் சொல்லின் உடன்பிறப்பு. உறவினர்க்கும் அதுவே பெயர். கொங்கு நாட்டிலும் வீட்டுக்கு வருவோரை 'ஒரம்பரை' என்று உறவுப் பெயராலேயே வழங்குவர். வந்தவரை உறவாகவே கொள்ளும் அன்பு இவ்வழக்குகளில் புலப்படுகின்றது.

ஆயினும் பழந்தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே கண்டது. இல்வாழ்வான் போற்ற வேண்டியவரை எண்ணும் திருவள்ளுவர், நீத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என ஐவகையாக அடுக்கினார். ஒக்கல் என்பார் உறவினர். அவர்க்குத் தனியிடம் தந்து, விருந்தினர்க்கு வேறிடம் தந்த நுட்பம் கருதத்தக்கது. விருந்தோம்பல் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், விருந்தினரை இருதிறத்தாராகப் பிரித்தார். முன்பே அறிமுகம் உண்மையால் நம்மைக் குறித்து வருவார் ஒருசாரார். அறிமுகம் இன்றி வந்து சேர்வார் மற்றொரு சாரார். இருவரும் விருந்தினரே. ஆனால் அறிந்தவரை ஓம்புதற்கு அன்பே போதும். அறியாதவரை ஓம்புதற்கு அன்பு மட்டும் போதாது, அறமும் வேண்டும். எனவேதான் அவரைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய கடப்பாடு நூலோர்க்கு ஏற்பட்டது.

வீட்டு வாயிலில்

சங்கச் சான்றோர் கண்ட இல்லங்களில் விருந்தினர் வருகை ஒரு மங்கல நிகழ்ச்சி. முல்லை நிலத்து மனைவி, நள்ளிரவில் விருந்து வரினும் மகிழ்வாள் என நற்றிணை காட்டும். ஊடியிருக்கும் தலைவியைத் தணிவிக்கத் தலைவன் விருந்தினரோடு இல்லம் புகுவான். புதியவர் முன்னிலையில் முகம் மாறலாகாது என்னும் நாகரிகத்தால் அவள் சினம் மறந்து அடுக்களை புகுவாள். இங்ஙனம் ஊடலைத் தீர்க்கும் வாயில்களுள் ஒன்றாகவே விருந்தினர் எண்ணப்பட்டனர். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கையைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் கூரைமேல் காக்கை கரையின், அரிசி ஒருபிடி கூட இடும் தாய்மார் நம் நாட்டில் உளர்.

தொண்டை நாட்டிற்கே உரிய சான்று பெரும்பாணாற்றுப்படை. கச்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியெங்கும் உணவு கிடைக்கும் என்று அந்நூல் உறுதி கூறுகின்றது. வேடர் குடியிலும், ஆயர் குடியிலும், உழவர் மனையிலும், வலைஞர் சேரியிலும், அந்தணர் இல்லத்திலும் அவரவர் உண்ணும் உணவே அவனுக்குக் கிடைக்கும். செல்வருடைய உணவை வறியவர் இடவேண்டும் என்று புலவர் கருதவில்லை. வலைஞர் தாம் சுட்ட மீனை இட்டனர். ஆயர் தம் பாலை ஈந்தனர். தன்னிடம் உள்ளதைப் பகிர்வதே விருந்து என்னும் கொள்கை இதனால் விளங்கும். ஏரிக்கரைக் குப்பங்களின் முன்னோர் மரபு இத்தகைய தொன்மை உடையது.

ஒரே பொருள், இரு சொற்கள்

இனி, மெய்யன்பர்கள் சிறப்பாக நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழந்தமிழில் புதுமையைக் குறித்த சொல் விருந்து ஒன்றே அன்று. 'வம்பு' என்பதும் அப்பொருளையே தந்தது. காலமல்லாக் காலத்துப் புதிதாகப் பெய்த மழையை வம்ப மாரி என்றனர். வடக்கிருந்து புதிதாக வந்த மோரியரை வம்ப மோரியர் என்றனர். நிலையின்மை என்னும் பொருளையும் தொல்காப்பியம் இச்சொல்லுக்குக் கூறும். ஊர்விட்டு ஊர் செல்லும் புதியவர் 'வம்பலர்' எனப்பட்டனர்.

இவ்வம்பலர் பாலைப் பாடல்களில் அடிக்கடி தோன்றுவர். ஆனால் அவர்கள் தோன்றும் இடம் துயரமானது. சுரத்தின் வழியே செல்லும் அவர்களை ஆறலைப்போர் அம்பெய்து கொல்வர். அவர் உடல்மேல் கற்களைக் குவித்த பதுக்கைகள் வழியெல்லாம் கிடக்கும். காட்டு வழியில் நின்றபோது அவர் வம்பலர். அதே மனிதர் ஒரு வீட்டு வாயிலை அடைந்து, உள்ளே வருக என்னும் சொல்லைக் கேட்டபோது அவர் விருந்து. ஆள் ஒருவரே, நின்ற இடமும், எதிர்ப்பட்டவர் மனமுமே வேறு. இளந்திரையன் நாட்டில் வழிப்போக்கரை அலைத்துப் பொருள் பறிப்பார் இல்லை என்று பெரும்பாணாற்றுப்படை பாராட்டுவதன் ஆழம் இப்பொழுது நமக்குப் புலனாகும். வம்பலரை விருந்தாக்குதலே நல்லாட்சியின் அடையாளம்.

காலப்போக்கில் இவ்விரு சொற்களும் எதிரெதிர் வழியில் சென்றன. விருந்து உயர்ந்து உணவும் உவகையும் ஆயிற்று. வம்பு தாழ்ந்து சண்டையும் வீண்பேச்சும் ஆயிற்று. பிற நாட்டிலிருந்து வந்தவர் என்னும் பொருளுடைய 'பரதேசி' என்னும் வடசொல்லும் இதே கதியை அடைந்து, இன்று வசைமொழியாய் நிற்கின்றது. வந்து குடியேறியவரைக் குறிக்கும் 'வந்தேறி' என்பதும் அத்தகையதே. புதியவரைக் கண்டபோது மனிதர் உள்ளத்தில் எழும் இரு உணர்ச்சிகள் இச்சொற்களில் உறைந்து கிடக்கின்றன. ஒன்று உவகை, மற்றொன்று ஐயம். ஐயம் மேலோங்கிய இடத்தில் சொல் தாழ்ந்தது; உவகை மேலோங்கிய இடத்தில் சொல் உயர்ந்தது. இதுவன்றோ சொற்கள் நமக்குக் காட்டும் வரலாறு!

ஓம்பல் என்னும் சொல்லையும் ஈண்டு நினைத்தல் தகும். விருந்திடுதல் என்று வள்ளுவர் அதிகாரத்திற்குப் பெயரிட்டார் அல்லர், விருந்தோம்பல் என்றார். ஓம்புதல் என்பது காத்தல். புதியவர் தம் ஊரையும் சுற்றத்தையும் விட்டு வந்தவராதலின் அவர்க்குக் காவல் இல்லை. அக்காவலை ஏற்பதே ஓம்பல். மதுரைப் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் அடைக்கலமாக ஏற்ற ஆயர்மகள் மாதரி, அவர்களைக் காக்க இயலாமற் போனது கண்டு தீப்புகுந்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறும். கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேனே என்று கண்ணகி வருந்தியதும் அக்காப்பியத்தில்தான். விருந்தோம்ப ஏங்கியவளே விருந்தாகி, ஓம்பியவளும் உயிர் நீத்த அக்கதை, இவ்வறத்தின் சுமையை நமக்கு உணர்த்துகின்றது.

இறைவனும் விருந்தினனே

வடமொழியாளர் விருந்தினரை 'அதிதி' என்பர். திதி நோக்காது, அதாவது நாள் குறியாது வருபவர் என்று அச்சொல்லுக்கு மரபாகப் பொருள் கூறுவர். திரிந்து செல்பவர் என்னும் வேர்ப்பொருள் காண்பாரும் உளர். இருவகையாலும் அவர் எதிர்பாராது வந்தவரே. இல்லறத்தார் ஆற்றும் ஐம்பெரு வேள்விகளுள் மனித வேள்வி என்பது அதிதியை உண்பித்தலேயாகும். வள்ளுவரும் விருந்தோம்பலை வேள்வி என்றே அழைத்தார். கடோபநிடதத்தில் சிறுவன் நசிகேதன் யமன் வாயிலில் மூன்று இரவு உணவின்றிக் காத்திருக்க, திரும்பி வந்த யமதருமன், விருந்தினனைக் காக்க வைத்த பிழைக்கு ஈடாக மூன்று வரங்கள் அளித்தான். உயிரைக் கவரும் கூற்றுவனும் வாயிலில் நிற்கும் விருந்தினனுக்கு அஞ்சினான் என்றால், அவ்வறத்தின் வன்மையை என்னென்று சொல்வது!

கோயில் வழிபாட்டின் அமைப்பே விருந்தோம்பலின் அமைப்பாகும். நம் அர்ச்சகர்கள் ஆற்றும் பதினாறு உபசாரங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதலில் வருக என்று அழைத்தல் ஆவாகனம். இருக்கை தருதல் ஆசனம். காலலம்ப நீர் தருதல் பாத்தியம். கையலம்ப நீர் தருதல் அர்க்கியம். பருக நீர் தருதல் ஆசமனீயம். பின்னர் நீராட்டு, ஆடை, சந்தனம், மலர், தூபம், தீபம், உணவு, தாம்பூலம் என அவ்வரிசை நீளும். நெடுவழி நடந்து வந்த ஒருவரைப் பண்டைய இல்லத்தார் எம்முறையில் வரவேற்றனரோ, அம்முறையிலேயே இறைவனையும் வரவேற்கின்றோம். கிருகிய சூத்திரங்கள் கூறும் மதுபர்க்கம் என்பது தேனும் தயிரும் கலந்து விருந்தினர்க்கு அளிப்பது. அதுவே திருமணத்தில் மணமகனுக்கும், பூசையில் தெய்வத்திற்கும் உரியதாயிற்று. வீட்டில் தொடங்கிய அறம் கோயிலில் வழிபாடாக மலர்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

திருப்பணி நடைபெறும் காலத்தில் இறைவன் தன் கருவறையை விட்டுப் பாலாலயத்தில் எழுந்தருளியிருப்பதைக் கருதுங்கள். உலகெலாம் தனக்கு இல்லமாக உடைய பெருமான், ஊரார் அமைத்த சிறு மனையில் சிலகாலம் தங்குகின்றான். பின்னர்க் கும்பத்தில் எழுந்தருளி, யாகசாலையில் இருந்து வழிபாடு ஏற்று, மீண்டும் தன் திருமனை புகுகின்றான். குடமுழுக்கு என்பது, சில காலம் விருந்தினனாய் இருந்த இறைவனை அவன் வீட்டிற்கே அழைத்துச் சென்று அமர்த்தும் விழாவன்றோ? விருந்தின் அருமையை இறைவனே நமக்கு இவ்வகையில் காட்டியருளுகின்றான்.

தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் வரலாறு இவ்வறத்தின் சிகரம். செல்வம் சுருங்கிய நிலையில், மழை பொழியும் நள்ளிரவில், பசித்த அடியார் ஒருவர் அவர் வாயிலை அடைந்தார். அன்று பகலில் விதைத்த நெல்லை இருளில் சென்று வாரி வந்தார் நாயனார். விறகில்லை என்றபோது கூரையின் மரத்தை முறித்துக் கொடுத்தார். குழியில் வளர்ந்த கீரையை அவர் பறித்துத் தர, அம்மையார் கறியமுது ஆக்கினார். வந்தவர் யார் என்று இருவரும் வினவவில்லை. அமுதுண்ண எழுப்பியபோதே சோதி வடிவில் அவர் யார் என்பது விளங்கிற்று. யார் எனத் தெரிந்தபின் விருந்திட்டிருந்தால் அது வழிபாடு மட்டுமே. தெரியாமல் இட்டமையால் அது விருந்தோம்பலும் ஆயிற்று.

கல்வெட்டுக்கள் போற்றும் அபூர்விகள்

இல்லத்தின் இவ்வறத்தைக் கோயிலும் தன் கடமையாக ஏற்றது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் உணவறத்திற்கு நிலமும் பொன்னும் விடப்பட்ட செய்திகள் பல உள. உண்பார் யார் என்னும் இடத்தில் சிவயோகியர், தவசியர், வேதம் வல்லார் என்போரோடு 'அபூர்விகள்' என்றொரு சொல்லும் பயின்று வருகின்றது. அபூர்வம் என்பது முன்பு இல்லாதது. அபூர்வி என்பவர் முன்பு வந்திராதவர், புதியவர். விருந்து என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் நேர்ப்பொருளை வடசொல்லால் கல்லில் பொறித்தனர் நம் முன்னோர்.

இக்கல்வெட்டுக்களின் பாங்கு நன்கொடையாளர் அனைவரும் கருதத்தக்கது. கொடுத்தவர் பெயர், ஊர், கொடுத்த பொருளின் அளவு ஆகிய யாவும் கல்லில் உள்ளன. உண்டவர் பெயர் ஒன்றும் இல்லை. இருக்கவும் இயலாது, ஏனெனில் அவ்வறம் நிறுவப்பட்ட நாளில் அவர்கள் இன்னும் வந்திலர், பலர் பிறந்தும் இலர். பெயர் தெரிந்தவர் பெயர் தெரியாதவர்க்கு ஈந்ததே அந்த அறம். அவர்களுள் யாரேனும் ஒருவர் தமக்கு வேண்டியவராக இருக்க வேண்டும் என்று அக்கொடையாளர் நிபந்தனை விதித்திருந்தால், அக்கல் இன்று வெறுங்கணக்காய் நின்றிருக்கும்.

இம்மரபை அண்மைக் காலத்தில் புதுப்பித்தவர் வள்ளற்பெருமான் இராமலிங்க அடிகள். திருவொற்றியூர் இறைவனைப் பல்லாண்டு வழிபட்டுத் தொண்டை நாட்டில் வாழ்ந்த அவர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதியும் சமயமும் ஊரும் வினவாது, பசி ஒன்றையே அடையாளமாகக் கொண்டு உணவிடும் அச்சாலையின் அடுப்பு இன்றளவும் எரிந்துகொண்டிருக்கின்றது.

பழவேற்காடு கற்பித்த பாடம்

புதியவரை வரவேற்றதனால் தீங்கு நேர்ந்ததில்லையா என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நேர்மையானதே. அதற்கு விடையும் இவ்வேரிக்கரையிலேயே உண்டு.

விஜயநகரப் பேரரசின் காலத்தில் பழவேற்காடு புகழ்பெற்ற துறைமுகமாய் விளங்கிற்று. அரபு நாட்டு வணிகர் மரபினர் இங்கே குடியமர்ந்து, நூற்றாண்டுகள் பல கடந்து, இம்மண்ணின் மக்களாகவே ஆயினர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர். பின்னர் டச்சுக்காரர் வந்து, வேங்கடபதிராயரின் இசைவு பெற்று 1610இல் பண்டகசாலை அமைத்தனர். 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. துணி வாங்க வந்தவர்கள் துணியோடு நின்றார்களில்லை. பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு அனுப்பினர். 1825இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறிற்று. இன்று கோட்டை சிதைந்தது; எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய வாயிலையுடைய டச்சுக் கல்லறைகளே எஞ்சியுள்ளன.

விருந்தாக வந்தவர் வம்பாக மாறியதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயின் இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? அடுத்து வரும் புதியவர்க்குக் கதவடைத்தல் அன்று. அரபு வணிகர் மரபினரும் புதியவராய் வந்தவரே. டச்சுக்காரரும் புதியவராய் வந்தவரே. முன்னவர் துறையைத் தம் ஊராகக் கொண்டு ஊராரோடு வாழ்ந்தனர். பின்னவர் துறையைத் தம் உடைமையாகக் கருதி ஊராரை விற்றனர். பிழை புதுமையில் இல்லை, நடத்தையில் உள்ளது. விருந்தினர்க்கும் அறம் உண்டு என்பதை உணர்ந்தே, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றனர் பெரியோர். புதுமை நீங்கிய பின்னும் இருப்பவர், வீட்டாரோடு வேலையும் துன்பமும் பகிர்ந்து, வீட்டாராகவே ஆக வேண்டும் என்பதே அப்பழமொழியின் உட்கருத்து.

மற்றொரு நிகழ்ச்சியையும் மறத்தலாகாது. 1969இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு விண்கல ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடிகள் இடம்பெயர நேர்ந்தது; அவருட் சிலர் பழவேற்காட்டுப் பகுதியிலும் வந்து குடியேறினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இப்பகுதிக் கடற்கரைக் குப்பங்களும் அல்லலுற்றன. நேற்றுவரை தம் வீட்டில் விருந்திட்டவர், அன்று அயலார் இட்ட உணவுக்குக் கைநீட்ட வேண்டியவர் ஆயினர். ஓம்புவாரும் ஓம்பப்படுவாரும் வெவ்வேறு குலத்தவர் அல்லர். ஒரே அலை இருவரையும் இடம் மாற்றவல்லது. கடலை நம்பி வாழும் மக்கள் இவ்வுண்மையை நூல் பயிலாமலே அறிவர்.

இன்னும் ஒருவகை விருந்தினரும் இவ்வேரிக்கு உண்டு. மாரிக்காலத்தை ஒட்டி ஆண்டுதோறும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். 1980இல் தமிழக அரசு இப்பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயம் என்பது அடைக்கலம் தரும் இடம். ஓம்பல் என்னும் பழஞ்சொல்லின் பொருளை அப்பெயரும் ஏந்தி நிற்கின்றது.

இன்றைய அபூர்விகள் யாவர்?

விழா நாளில் நம் பந்தியை நோக்குவோம். முன்வரிசையில் பெருந்தொகை ஈந்தோர் அமர்வர். அவர்க்குப் பொன்னாடை அணிவிக்கப்படும். அவர் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும். ஈந்தவரைப் பாராட்டுதல் நன்றியின்பாற்பட்டது. அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அவர்கள் நாம் அறிந்தவர்கள். வள்ளுவர் வகுப்பின்படி பலர் ஒக்கலே ஆவர். அவர்கள் எல்லோரும் உண்டெழுந்த பின்னர், கடைசிப் பந்தியில், யாரும் அழைக்காமல் ஒதுங்கி நிற்கும் ஒருவர் உண்டே, அவரே கல்வெட்டுக் கூறும் அபூர்வி. அவரே தொல்பழங்காலப் பொருளில் விருந்து.

எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் உழைக்க வடமாநிலங்களிலிருந்து வந்துள்ள தொழிலாளரும் இக்கரையின் இன்றைய புதியவரே. அவர் மொழி நமக்கு விளங்காது. நம் மொழி அவர்க்கு விளங்காது. ஆயினும் இலையில் இட்ட சோற்றின் மொழி இருவர்க்கும் விளங்கும். அவரை வம்பலர் என ஒதுக்குவதும், விருந்து என ஓம்புவதும் நம் முகத்தில் உள்ளது. முகம் திரிந்து நோக்கிய அளவில் விருந்தினர் வாடுவர் என்று உணர்த்த, மோந்தால் குழையும் அனிச்ச மலரை வள்ளுவர் எடுத்துக்காட்டினார். உணவின் சுவையைப் பற்றி அவ்வதிகாரத்தில் அவர் விரித்துரைக்கவில்லை. முகத்தைப் பற்றியே பேசினார்.

ஆதலின் கொடையாளர்களிடமும் விழாக் குழுவினரிடமும் பணிவோடு விண்ணப்பிப்பது ஒன்றே. முதற்பந்தியில் முதல் இலை, நமக்கு அறிமுகம் இல்லாத ஒருவர்க்கு இடப்படுவதாக. அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து அமர்த்தும் பேறு, பெருந்தொகை ஈந்த அன்பர் ஒருவர்க்கு அளிக்கப்படுவதாக. அதனால் அவ்வன்பரின் மதிப்புக் குறையாது. இளையான்குடி மாறனார் நின்ற வரிசையில் அவரும் ஒருநாள் நின்றவராவார். கலச நீர் விமானத்தின்மீது வீழ்ந்த அன்றே, அன்னமும் அபூர்வியின் இலையில் வீழ்ந்தால், குடமுழுக்கு நிறைவெய்தும்.

சென்ற விருந்தினரை உபசரித்து அனுப்பி, வரும் விருந்தினரை எதிர்நோக்கி இருப்பவன் வானவர்க்கு விருந்தாவான் என்பது வள்ளுவர் வாக்கின் கருத்து. இவ்வுலகில் நாம் அனைவரும் நாள் குறியாது வந்தவர். நாள் குறியாது செல்பவர். அங்கே நாம் புதியவராய்ச் சென்று நிற்குங்கால், உள்ளே வருக என ஒரு குரல் எழ வேண்டுமாயின், இங்கே அக்குரல் நம் வாயிலிருந்து எழுந்திருத்தல் வேண்டும்.

தோணி அடையும் துறையாகப் பெயர் பெற்ற இவ்வூரும், இவ்வேரிக்கரைக் குப்பங்கள் அனைத்தும், வலை நிறைய மீனும், மனை நிறைய விருந்தும், மனம் நிறைய அன்பும் பெற்று நீடு வாழ எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் புரிவதாக. திருப்பணிக்குப் பொருளீந்தோரும், உடலுழைப்பு ஈந்தோரும், ஈய ஒன்றும் இன்றி வந்து வணங்கிச் சென்றோரும் ஒருங்கே வாழ்க! விருந்தறம் ஓங்குக!